திருநின்றவூர் இருதயாலீஸ்வரர்: ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களுக்கு

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டினால் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனத்துக்குள் கோயில் கட்டிய ஊர். இருதயாலீஸ்வரர் சன்னதிக்கு வருகிறவர்களில் பைபாஸுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் மட்டுமல்ல, முப்பது நாற்பது வயதுக்காரர்களும் உண்டு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து, இப்போதுதான் எக்கோ ஸ்கேனில் தெரியவந்தவர்கள்.

கருவறையில் லிங்கத் திருமேனிக்கு அருகிலேயே பூசலாரும் இருக்கிறார். மேலே விதானம் நான்காகப் பிரிந்திருப்பதை இதயத்தின் நான்கு அறைகள் என்பார்கள். அண்ணாந்து பார்க்கும்போது மேலிரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது வந்த பிறகு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் பிறவிக் கோளாறுகளில் முக்கியமானது அந்தச் சுவரில் இருக்கும் ஓட்டைதான், ஏ.எஸ்.டி. இடப்பக்க அழுத்தம் சற்று அதிகம் என்பதால் ரத்தம் வலப்பக்கம் கசிந்து, நுரையீரலுக்கு இரண்டாம் முறை போகிறது. வலது அறைகள் மெல்லப் பெரிதாகின்றன. இருபது, முப்பது வருடம் உடம்பு சத்தமில்லாமல் தாங்கும். பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படபடப்பு வரும். சிலருக்குப் பிரசவ காலத்தில்தான் வெளிப்படும்.

நடுச்சுவரின் மையத்தில் ஓட்டை இருந்து, சுற்றிலும் போதிய விளிம்பும் இருந்தால் தொடை ரத்தக்குழாய் வழியே குடை போன்ற சாதனத்தை வைத்து அடைக்கலாம். உடம்பின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரையை ஒட்டிய ஓட்டைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான். இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து, இதயத்தின் சொந்த உறையிலிருந்தே ஒட்டுத் துண்டு வெட்டித் தைப்பார்கள். நுரையீரல் அழுத்தம் மிகவும் ஏறி ரத்தம் எதிர்த் திசையில் ஓடத் தொடங்கிவிட்டால் ஓட்டையை மூடுவதே ஆபத்து. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

நாள் விஷயத்துக்கு வருவோம். பூசலார் உபானம் என்னும் அடித்தளம் முதல் உச்சியிலுள்ள ஸ்தூபி வரை எழுப்பி, சுதை பூசி, கிணறு, மதில், குளம் என்று ஒன்றையும் விடாமல் மனத்தில் செய்து முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, நாள் வைத்திருந்த பல்லவ மன்னன் காடவர்கோனின் கனவில் இறைவன் வந்து, உன் நாளைத் தள்ளி வை என்றார். அங்கே தள்ளியது கோயில் விழாவை, சிகிச்சையை அல்ல. சந்திராஷ்டமம், தேய்பிறை என்று ஆபரேஷனைத் தள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவசரமில்லை என்று மருத்துவர் சொன்னால் ஒரு வாரம் முன்னே பின்னே கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமையும் பிரதோஷமும் கூட்டம். மூச்சு வாங்குகிறவர்கள் சாதாரண நாளில் காலையிலேயே போய் வருவது நல்லது. வெறும் வயிற்றோடு விரதம் வேண்டாம். நீர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் தலை சுற்றி விழுவார்கள். உதடும் நகமும் நீலம் பாரித்தவர்களுக்கு ஏற்கெனவே ரத்தம் கெட்டியாக இருக்கும். அவர்களுக்கு நீர் வற்றினால் ரத்தம் உறையும் அபாயம் உண்டு.

வேண்டுதலில்தான் பலர் தவறுகிறார்கள். அங்கப்பிரதட்சணம், மலையேற்றம் வேண்டிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை நிற்கட்டும். அலகு குத்துவது, புதிதாகக் காது மூக்கு குத்துவது வேண்டாம். தோல் வழியே கிருமி ரத்தத்தில் ஏறி இதயத்தின் உட்சுவரில் தங்கிவிடலாம். அதைவிடப் பெரிய வாசல் வாய்தான். ஆபரேஷனுக்கு முன் சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் இதயக் கோளாறைச் சொல்லிவிட்டே உட்காருங்கள்.

ஆபரேஷன் அன்று காலை வீட்டார் பிரசாதம் ஊட்டுவது உண்டு. ஒரு ஸ்பூன் பஞ்சாமிர்தமும் உணவுதான், பாலும் உணவுதான். திட உணவை நிறுத்தி குறைந்தது 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். திருநீறு நெற்றியோடு இருக்கட்டும், மார்பில் பூச வேண்டாம். காப்புக் கயிறு, தாலி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். மின்சாரத்தால் ரத்தக்கசிவை நிறுத்தும் கருவி பயன்படுவதால், உலோகம் பட்ட இடத்தில் தோல் வெந்துவிடக் கூடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முன்தினமே மஞ்சள் கயிற்றுக்கு மாற வழியுண்டா என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். தியேட்டர் வாசலில் அழுதுகொண்டு நிற்பதைவிட அது மேல்.

நன்றி சொல்ல மறுபடி வரும்போது கவனம் நெஞ்செலும்பில். ஆபரேஷனில் பிளந்து கம்பியால் கட்டிய எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம், முழுப் பலம் வர மூன்று மாதம் ஆகும். அதுவரை சாஷ்டாங்க நமஸ்காரம் கூடாது, தரையில் கையூன்றி எழும்போது எடை முழுவதும் நெஞ்சில்தான் இறங்கும். குழந்தையைத் தூக்கி சன்னதியில் காட்டுவதும் வேண்டாம். நின்றபடி கைகூப்பினால் போதும். அம்பாள் மரகதாம்பிகையையும் வணங்கிவிட்டு, தெம்பிருந்தால் அதே ஊரிலுள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கும் போகலாம். அங்கே தாயாருக்குப் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'.