சொட்டு விழும் இடம்

கண் மருத்துவர் ஒருவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு எங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்த முதல் நாளில், எதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கு முன்பே, செயற்கைக் கண்ணீர் அடங்கிய சிறு குப்பி ஒன்றை மேசைமேல் வைத்து, "முதலில் நீங்களே கண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள் அம்மா" என்றார். நான் தலையை அண்ணாந்து, குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்தினேன். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது இமைமயிரில் தொங்கி நின்று, நான் கண் சிமிட்டியதும் மூக்கோரமாக இறங்கியது. மூன்றாவதுதான் கண்ணுக்குள் விழுந்தது. விழுந்த கையோடு பாதி வெளியேயும் வந்துவிட்டது. அவர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு, "உங்களுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, கை நடுங்கவில்லை. எழுபது வயதில், கண் அழுத்த நோயோடு, வீட்டில் தனியாக இருப்பவர் இதைத் தினமும் செய்கிறார்" என்றார்.

காப்புரிமை முகவர் தொழிலுக்கு நான் வந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்கும் கடமை எனக்கு இருப்பதால், அவருடைய ஊரையும் கருவியின் சில அங்கங்களையும் மாற்றியே இங்கே எழுதுகிறேன். சட்டம் தொடர்பானவற்றில் எதையும் மாற்றவில்லை.

அன்று அவர் எனக்கு விளக்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. நம் கண்ணில் சாதாரணமாகத் தங்கியிருக்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். சற்று நேரத்துக்கு அதிகபட்சமாக 30 மைக்ரோலிட்டர் வரை கண் தாங்கும். கடையில் வாங்கும் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டோ பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். ஆகவே சரியாக விழுந்த சொட்டிலும் ஒரு பங்கு கண்ணில் நிற்க இடமின்றி வழிந்துதான் தீர வேண்டும். நின்ற மருந்தையும் கண்ணீர் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருப்பதால், கண்ணின் உட்பகுதிக்குள் போய்ச் சேர்வது பொதுவாக 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதி கண்ணின் உள்மூலையில் உள்ள சிறு துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. கண்ணுக்கு மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டை கசப்பது அதனால்தான். கண் அழுத்தத்தைக் குறைக்கும் டைமோலால் போன்ற மருந்து அவ்வழியே இரத்தத்தில் கலந்தால் இதயத்துடிப்பு குறையலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலே வரலாம். சொட்டு விட்டபின் இமைகளை மென்மையாக மூடி, உள்மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தால், மருந்து கண்ணில் அதிக நேரம் தங்கும், உடலுக்குள் போவதும் குறையும். 1980களிலிருந்தே மருத்துவ உலகம் இதை அறியும்.

மருத்துவரின் கண்டுபிடிப்பில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, கீழிமையை இழுத்து, குப்பியைச் சாய்த்து, சொட்டு விட்டு, மூடி, அழுத்தும் வரிசை. அதைத் தம் நோயாளிகளுக்கு ஏற்றபடி அவர் செப்பனிட்டிருந்தார். மற்றொன்று, குப்பியின் கழுத்தில் மாட்டும் ஒரு சிறிய பிளாஸ்டிக் தாங்கி. அவருடைய பேச்சில் முதற்பகுதியே நிறைந்திருந்தது. எதன்மேல், எந்த எல்லை வரை உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்கும் வாசகமே உரிமைகோரல். அவர் பேச்சில் மயங்கிய நானும் ஆறு உரிமைகோரல்களை, எங்கள் அலுவலகப் பேச்சில் சொன்னால் ஆறு கிளெய்ம்களை, முறையின் மேலேயே எழுதினேன். "கண் சொட்டு மருந்தைச் செலுத்தும் முறை, அதில் கீழிமையைக் கீழே இழுத்தல், சொட்டை விடுதல், இமைகளை மூடுதல், உள்மூலையை 2 நிமிடம் அழுத்துதல் ஆகிய படிகள் அடங்கும்" என்று முதலாவது கிளெய்ம் தொடங்கியது. அமெரிக்க வாடிக்கையாளர்களின் விண்ணப்பங்களைப் படித்துப் படித்து என் கை அந்த நடைக்குப் பழகியிருந்தது. எங்கள் மூத்த முகவர் வரைவைப் பார்த்துவிட்டு, "தாங்கியையும் தனியாக ஒரு கிளெய்மாகப் போட்டு வையுங்கள், பின்னால் கைகொடுக்கும்" என்றார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல், ஏழாவதாக அதைச் சேர்த்தேன்.

கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்தபோது, முதல் ஆறும் ஒரே பத்தியில் அடிபட்டிருந்தன. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகா என்று பட்டியலிடுகிறது. அதில் ‘ஐ’ உட்பிரிவு, மனிதர்களுக்கு மருந்தாலோ அறுவையாலோ வேறு வகையிலோ செய்யப்படும் சிகிச்சை முறை எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது. நோயறியும் முறைகளையும் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பெயர் சொல்லி அதில் சேர்த்துவிட்டது. நான் எழுதியது சிகிச்சையே அன்றி வேறல்ல. சட்டம் தெரியாமல் நான் இடறவில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்த பிரிவுதான். கண்முன் நின்ற மனிதரின் அக்கறையில் அதை மறந்துவிட்டேன்.

உரிமைகோரல்களைத் திருத்தி எழுதலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு கதவு மூடியிருக்கிறது. 59ஆம் பிரிவின்படி, திருத்தப்படும் உரிமைகோரல் முன்பு கோரியதன் எல்லைக்குள் முழுமையாக அடங்க வேண்டும். முறையை மட்டும் கோரியவர், மறுப்பு வந்தபின் அதைக் கருவியாக மாற்றிக் கேட்டால், எல்லை தாண்டியதாகச் சொல்லி அதையும் தள்ளிவிடலாம். ஒப்புக்குச் சேர்த்த அந்த ஏழாவது கிளெய்ம் இல்லாவிட்டால், எங்களிடம் பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அன்று மாலை மூத்த முகவரின் அறைக்குப் போய் நன்றி சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, 1990களில் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

அதுவும் கண் தொடர்பான வழக்குதான். அரிசோனாவைச் சேர்ந்த சாமுவேல் பாலின் என்ற கண் மருத்துவர், கண்புரை அறுவையில் தையலே தேவைப்படாமல் தானே மூடிக்கொள்ளும் ஒரு வகைக் கீறலுக்கு 1992இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதேபோன்ற கீறலைப் பயன்படுத்தியதற்காக 1993இல் வெர்மாண்ட் மாநிலத்தின் ஜாக் சிங்கர் என்ற மருத்துவர்மீது வழக்குத் தொடுத்தார். ஒரு மருத்துவர் தம் நோயாளியின் கண்ணில் கத்தி வைக்கும் விதத்துக்கு இன்னொரு மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டுமா என்று அந்நாட்டு மருத்துவ உலகம் கொதித்தது. 1996இல் வழக்கு பாலினுக்குப் பாதகமாக முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்கச் சட்டத்திலும் திருத்தம் வந்தது: சிகிச்சை முறைக்குக் காப்புரிமை அங்கே இன்றும் கிடைக்கும்; ஆனால் அம்முறையைக் கையாளும் மருத்துவரிடமும் அவர் பணிபுரியும் மருத்துவமனையிடமும் இழப்பீடு கேட்க முடியாது. ஐரோப்பா வேறு வழியில் போனது. அங்கே முறைக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் இன்ன பயனுக்கான மருந்து என்று எழுதி, தெரிந்த மருந்தின் புதிய பயனுக்கும், புதிய அளவு முறைக்கும்கூட உரிமை பெறலாம். இந்தியாவில் அந்த வழியும் இல்லை. தெரிந்த பொருளின் புதிய பயன் வெறும் கண்டறிதலே என்று 3ஆம் பிரிவின் ‘டி’ உட்பிரிவு அதையும் அடைத்திருக்கிறது.

படித்து முடித்தபோது, நம் சட்டத்தின் மறுப்பு எனக்கு இடையூறாகத் தோன்றவில்லை, சரியென்றே பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மறுபக்கம் எப்படி இருக்கும் என்பதற்குக் கண் சொட்டு மருந்திலேயே சான்று உண்டு. வறண்ட கண்ணுக்கான ரெஸ்டாசிஸ் மருந்தின் பழைய காப்புரிமை முடிந்தபின், அலர்கன் நிறுவனம் அதன் குறிப்பிட்ட கலவைக்கும் அதை நாளுக்கு இருமுறை விடும் சிகிச்சை முறைக்கும் புதிய காப்புரிமைகளை வைத்திருந்தது. அவை சவாலுக்கு உள்ளானபோது, 2017 செப்டம்பரில் செயிண்ட் ரெஜிஸ் மொஹாக் என்ற அமெரிக்கப் பழங்குடி அரசுக்கு அவற்றை மாற்றிக் கொடுத்து, வழக்குகளிலிருந்து அப்பழங்குடி அரசுக்கு விலக்கு அளிக்கும் இறையாண்மைப் பாதுகாப்பின்கீழ் ஒதுங்கப் பார்த்தது. அடுத்த மாதமே டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி பிரைசன், அத்துறை அறிந்த எவருக்கும் எளிதில் எட்டக்கூடியவையே என்று சொல்லி அவற்றைச் செல்லாதவையாக்கினார். 2018இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. இதற்கிடையே மலிவான மாற்று மருந்து சந்தைக்கு வராமல் நோயாளிகள் காத்திருந்தார்கள்.

ஆய்வறிக்கைக்குப் பதில் அளிக்க எங்களுக்கு 6 மாத அவகாசம் இருந்தது. தாங்கியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. கண் சொட்டுக்கான தாங்கிகள் புதியவை அல்ல. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கக் காப்புரிமைகளிலேயே கண்ணைச் சுற்றி அமரும் கிண்ண வடிவங்கள் வகைவகையாக இருக்கின்றன. எங்களுடையது எதில் வேறுபடுகிறது என்று அறிய, மருத்துவரின் நண்பர் பணிபுரிந்த ஆய்வகத்தில் நுண்தராசு முன்னால் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரே குப்பியை நேராகக் கவிழ்த்துப் பத்துச் சொட்டுகள், சாய்த்துப் பிடித்துப் பத்துச் சொட்டுகள் என்று மாறி மாறி நிறுத்தோம். சாய்த்தபோது விழுந்தவை ஒவ்வொரு முறையும் எடை குறைந்தே இருந்தன. கவிழ்ந்த குப்பியில் சொட்டு முனையின் முழு விளிம்பையும் பற்றிக்கொண்டு பருக்கிறது. சாய்ந்த குப்பியில் விளிம்பின் ஒரு பகுதியை மட்டுமே பற்றுவதால் சீக்கிரமே அறுந்து விழுகிறது. முனையின் குறுக்களவு, திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை, குப்பியைப் பிடிக்கும் கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு சொட்டின் அளவைத் தீர்மானிக்கின்றன. அந்த நாளுக்கு முன்பு ‘ஒரு சொட்டு’ என்பதை ஓர் அளவாகவே நான் நம்பியிருந்தேன்.

தாங்கியின் நுட்பமும் அந்த மேசையில்தான் எனக்குப் பிடிபட்டது. அதன் கால் கன்ன எலும்பின்மேல் ஊன்றும்போது குப்பி தானாகவே சாய்ந்த நிலையில் நிற்கிறது. அந்த ஊன்றுதலின் விசையே ஒரு சிறு மடிப்பைத் தள்ளிக் கீழிமையை இறக்குகிறது. இமை இறங்காதவரை குப்பியின் பக்கச் சுவரை அழுத்த முடியாதபடி அதே மடிப்பு தடுத்தும் நிற்கிறது. காணொளி வழியாக நடந்த விசாரணையில், விண்ணப்பத்தை முடிவு செய்யும் காப்புரிமை அலுவலக அதிகாரியான கட்டுப்பாட்டாளர், நாங்கள் எதிர்பார்த்தபடியே, இது தெரிந்த அங்கங்களை வெறுமனே அடுக்கியதுதானே என்று கேட்டார். தனித்தனியாக இயங்கும் பழைய கருவிகளை ஒன்றாக வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்பதும் 3ஆம் பிரிவில் உள்ளதே. கால், மடிப்பு, தடை ஆகியவற்றில் ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் வேலை செய்யா என்பதைத் தாங்கியைக் கழற்றிக் காட்டியே விளக்கினேன். எடை அளவுகளையும் எழுத்துப்பூர்வமான வாதத்தில் சேர்த்தோம். முறைக்கான ஆறு கிளெய்ம்களையும் நாங்களே விலக்கிக்கொண்டோம்.

அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கினேன். அவர் வருந்துவார் என்று எண்ணினேன். "அந்த முறையை வேறு யாராவது தங்களுடையது என்று பூட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தானே கேட்டேன்" என்றார் அவர். அதற்குக் காப்புரிமையே தேவையில்லை. வெளிப்படையாகப் பிரசுரமாகிவிட்ட ஒன்றை அதன்பின் எவரும் புதியது என்று கோர முடியாது, நம் விண்ணப்பம் 18 மாதங்களில் வெளியானபோதே அது நடந்துவிட்டது என்று விளக்கினேன். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை அன்றுதான் கிடைத்தது.

கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். எல்லை குறுகியதுதான், ஆனால் உறுதியானது. கண்ணுக்கு மருந்து செலுத்தும் துறையில் நிலைக்கும் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் குப்பியிலும் முனையிலும்தான் இருக்கின்றன என்பது அதன்பின் நான் கையாண்ட விண்ணப்பங்களில் கண்டது. பாதுகாப்பு வேதிப்பொருள் இல்லாமலே பலநாள் கெடாமல் வைக்கும் வால்வுகள் அப்படிப்பட்டவை. அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி பெற்ற மிட்காம்பி என்ற, கண்பாப்பாவை விரிக்கும் மருந்தை, தலையை அண்ணாக்கவே தேவையில்லாமல், சுமார் 8 மைக்ரோலிட்டர் தூவலாக நேரே கண்ணை நோக்கி விடும்படி வடிவமைத்தார்கள். இப்போது கண் சொட்டு தொடர்பாக எவர் வந்தாலும் முதலில் அவர் கொண்டு வந்ததைக் கையில் வாங்கி, என் கண்ணிலேயே விட்டுப் பார்க்கிறேன். முறையை, விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியான விவரக்குறிப்பில் ஒன்று விடாமல் எழுதுகிறேன். உரிமைகோரலில் அதை வைப்பதில்லை.

என் அம்மாவுக்கு அடுத்த ஆண்டு கண் அழுத்த நோய் என்று சொன்னார்கள். தினம் இரவு இரண்டு கண்களுக்கும் ஒவ்வொரு சொட்டு, 2.5 மில்லிலிட்டர் குப்பி. ஒரு சொட்டு 30 மைக்ரோலிட்டர் என்று வைத்தாலும் அதில் 80க்கு மேல் இருக்க வேண்டும், நாற்பது நாளாவது வர வேண்டும். அம்மாவுக்கு மூன்றே வாரத்தில் தீர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குப்பியை நேராகக் கவிழ்த்து, விழுந்ததா என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். தாங்கியை மாட்டிக் கொடுத்தேன். அது பிடிக்கவில்லை, கழற்றி வைத்துவிட்டார். பிறகு கையைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினேன், கீழிமையை இழுக்கச் சொன்னேன். விழுந்த சொட்டின் குளிர்ச்சி தெரிந்ததும், "விழுந்துடுச்சுடி" என்று கண்ணை மூடினார். உள்மூலையில் அவருடைய ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் நான் எண்ணினேன்.