க்வெட்சால்தெனாங்கோவில் வீட்டு ஜெபக்கூட்டம்

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டுக்குக் குடும்பத்தோடு ஊழியத்துக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது தண்ணீருக்கு. க்வெட்சால்தெனாங்கோ ஏறக்குறைய 2,330 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குடிதண்ணீர் தளதளவென்று 3 நிமிடம் கொதிக்கட்டும். கறுப்பு பீன்ஸ் திறந்த பானையில் மணிக்கணக்கில் வேகும். கூட்டம் நடக்கும் நாளில் குக்கர் இல்லாமல் முடியாது.

அடுத்தது மரியாதைப் பேச்சு. ஸ்பானிஷ் பாடத்தில் 'தூ', அதாவது 'நீ', படித்துவிட்டு வந்து, வயதான அம்மா ஒருவரிடம் "கியேரெஸ் காஃபே?" என்றால், "காபி வேணுமா உனக்கு?" என்று கேட்டதாகிவிடும். கடைசி 'ஸ்' ஒலியை விட்டு "கியேரே காஃபே?" என்றால் 'உஸ்தெத்', அதாவது 'உங்களுக்கு'. நீ, நீங்கள் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். பிள்ளைகளுக்கும் இதையே முதலில் சொல்லிக்கொடுங்கள்.

வேதாகமத்தில் ஒரு சிக்கல் உண்டு. சுவிசேஷ சபைகளில் பரவலாகக் கையில் இருப்பது 1960 ரெய்னா-வலேரா என்ற ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. அதில் 'நீங்கள்' என்பதற்கு 'வோசோத்ரோஸ்' வரும். அங்கே வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, 'உஸ்தெதெஸ்'தான். சிறுவர் வகுப்பில் வசனத்தை வாசித்ததும், அதையே பேச்சு வழக்கில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம்: சுற்றுக் கிராமங்களில் பல பெண்களுக்குத் தாய்மொழி கிச்சே அல்லது மாம் என்ற மாயா மொழி, ஸ்பானிஷ் இரண்டாம் மொழி. "சீ, சீ" (ஸ்பானிஷில் 'ஆமாம், ஆமாம்') என்று தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன வேதாகமக் கதையை அவர்கள் மொழியிலேயே பக்கத்தில் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறார்களோ அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.