அரமும் அறிக்கைப் புத்தகமும்

ஜெர்மனிக்கு அவுஸ்பில்டுங் எனும் சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சி படிக்க வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். 2025-இல் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு முதல் ஆண்டில் சட்டப்படி மாதம் 682 யூரோவுக்குக் குறையக்கூடாது. பெரிய உலோக ஆலைகளில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். ஆனாலும் வாடகை கொடுத்தபின் கை இறுக்கம்தான்.

நான் சேர்ந்தது தொழிற்சாலை மெக்கானிக் பயிற்சி, மூன்றரை ஆண்டு. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாளெல்லாம் பட்டறை. முதலில் கையில் கொடுப்பது அரம். இரும்புத் துண்டை வைஸ் எனும் மேசைப் பிடிப்பானில் இறுக்கி வாரக்கணக்கில் அராவ வேண்டும். மூலமட்டத்தின் நேரான விளிம்பை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பள்ளமான இடத்தில் ஒளி கசியும். மேட்டை மட்டும் அராவ வேண்டும். தள்ளும்போது கை ஆடுவதால் ஓரங்கள் தேய்ந்து நடு மட்டும் மேடாக நிற்கும். கணினியால் இயங்கும் சிஎன்சி எந்திரங்களின் காலத்தில் இது எதற்கு என்பவர்கள் உண்டு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிய இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

இந்த நாட்டில் என்னைக் காலூன்ற வைத்தது பயிற்சி அறிக்கைப் புத்தகம். பட்டறையில் செய்ததையும் பள்ளியில் படித்ததையும் தவறாமல் எழுதிவர வேண்டும். பயிற்றுநர் படித்துக் கையெழுத்திடுவார். அது இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஜெர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலைத் தேர்வு முடித்து வந்த எனக்குத் துளை, மரை, பிசிறு எதற்கும் ஜெர்மன் சொல் தெரியாது. பக்கத்து மேசைப் பையனைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அப்படித்தான் அவன் நண்பனானான். பயிற்றுநர் மொழிப்பிழையைத் திருத்துவதோடு விடமாட்டார், இந்தத் துளைக்கு ஏன் இந்த வேகம் வைத்தாய் என்றும் கேட்பார். தேர்வில் செய்த வேலையை விளக்கச் சொல்லித் தேர்வாளர்கள் கேள்வி கேட்டபோது, எனக்கு வாய் வந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

ஆகவே அதை வீட்டுப்பாடம் போல ஞாயிறு இரவில் ஒப்பேற்றாதீர்கள். பணியிடத்திலேயே எழுத வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம், தயங்காமல் கேளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உங்கள் மேசையைச் சுத்தம் செய்வது உங்கள் வேலைதான். ஆனால் நாள்கணக்கில் பெட்டி அடுக்க மட்டும் வைத்தால் அது பயிற்சியே அல்ல. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவாத வேலையைத் தரக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் எழுதிவைத்த பக்கங்களே அதற்குச் சாட்சி. உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருக்கும் தொழில் வணிக சபையில் பயிற்சி ஆலோசகர் ஒருவர் இருப்பார். அந்தப் பக்கங்களோடு அவரைப் போய்ப் பாருங்கள்.