உப்புக்காற்றில் ஓர் அடுக்களை: மே முதல் டிசம்பர் வரை செய்து பார்த்தவை

விருத்தாசலத்தில் இருந்தவரை தோசைக்கல்லைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தால் காலையில் அப்படியே இருக்கும். கடலூருக்குக் குடிவந்த மூன்றாம் நாளே அதே கல்லில் செம்மண் தூவின மாதிரி துரு. தூள் உப்பு டப்பாவோடு கட்டியாகிக் கிடந்தது. அப்பளம் நமுத்துவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான், ஆனால் எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில் இருக்கிறது. மாடி ஏறினால் கடல் தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்த குறிப்புகள் எல்லாம் காய்ந்த காற்றுக்கும் நல்ல தண்ணீருக்கும் ஆனவை. இங்கே எது நிற்கும், எது நிற்காது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, பையனின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வந்தேன். அதிலிருந்துதான் இது.

மே, இரண்டாம் வாரம்

பண்ருட்டிப் பலா குவிகிற நேரம். திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் ஒரு முழுப்பழம் வாங்கி வந்தோம். வெட்டும் முன்பே கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டேன். பலாப்பால் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் விட்டுப்போகும். அவசரத்தில் அரிவாள்மனையின் கட்டைக்கு மட்டும் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். அதில் ஒட்டிய பாலைச் சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கருத்துப்போய்ப் பரவியதுதான் மிச்சம். கடைசியில் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் வழித்தெடுத்தேன். முதலில் எண்ணெய், அப்புறம்தான் சோப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

ஜூன், முதல் வாரம்

உப்பு. பையன் சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கித் தந்தான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அடுக்களை ஜன்னல் திண்டில் வைத்து மூன்று நாள் குறித்தேன். காலை ஆறு மணிக்கு 84, பகல் ஒரு மணிக்கு 61, கடல்காற்று எழுந்த பிறகு சாயங்காலம் 78. மூன்று நாளும் ஏறத்தாழ இதே கணக்கு.

சமையல் உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கல்லுப்பில் கொஞ்சம் மக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசிந்துவிடும். அப்படியானால் எங்கள் வீட்டில் உப்பு தினமும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ராத்திரி கசிகிறது, பகலில் காய்கிறது. கசிந்தது காயும்போதுதான் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அந்த மூன்று நாள் எண்களைப் பார்க்கும்வரை எனக்கு இது புரியவில்லை.

மூன்று பாத்திரம் வைத்தேன். எவர்சில்வர் டப்பாவில் தூள் உப்பு. பிளாஸ்டிக் டப்பாவில் தூள் உப்போடு ஒரு மேசைக்கரண்டி வறுத்த புழுங்கலரிசி. அம்மா வீட்டுப் பீங்கான் ஜாடியில் கல்லுப்பு. பதினைந்து நாள் கழித்துப் பார்த்தேன். எவர்சில்வர் டப்பாவில் உப்பு கட்டி. அதைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் அடியில் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். ஈர உப்பு எவர்சில்வரையும் அரிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். வறுத்த அரிசி போட்டது ஒன்பது நாள் உதிரியாக இருந்து, மழை பெய்த அன்று கட்டியது. அரிசியை எடுத்து மறுபடி வெறும் வாணலியில் வறுத்துப் போட்டால் இன்னொரு வாரம் தாங்கும். பீங்கான் ஜாடியில் கல்லுப்பு அடியில் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் கையால் அள்ளினால் வந்தது. ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர்; அம்மா ஏன் அந்த ஜாடியைத் தூக்கிக் கொடுத்தாள் என்று இப்போது தெரிகிறது.

எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது இடமாற்றம். தொட்டி மேடையிலிருந்து எடுத்து, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி மேல்தட்டில் வைத்தேன். அங்கே காற்று சூடாக இருப்பதால் அதே காலையில் மானி 70 காட்டியது. கோட்டுக்குக் கீழே. உப்பு கட்டவில்லை.

ஜூன், நான்காம் வாரம்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் வரத் தொடங்கிவிட்டது. நெத்திலியும் சங்கராவும் வாங்கினோம். கழுவிய பாத்திரத்தில் வாடை போகவில்லை. மீன் விற்கும் ஆயா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "புளி கரைச்ச சக்கைய என்ன பண்ற?"

"குப்பையில போடுறேன் ஆயா."

"வீசாத கண்ணு. அதாலயே சட்டியத் தேய். முதல்ல பச்சத் தண்ணி, அப்பறம் சுடுதண்ணி."

இரண்டு சொல்லிலும் காரணம் இருக்கிறது. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் ஆவியாகி மூக்கில் ஏறாத உப்பாக மாறிவிடும். மீன் குழம்புக்குப் புளி ஊற்றுவதிலும் இந்தப் பலன் உண்டு. அப்புறம், சுடுதண்ணீரை முதலில் ஊற்றினால் மீன், முட்டை, பால் இவற்றின் புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பால் குண்டானையும் இப்போது பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலசுகிறேன். தேய்க்கிற நேரம் பாதியாகிவிட்டது.

மீனை அன்றே சமைக்க முடியாவிட்டால் சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் நன்றாகப் பூசி வைப்பது ஆயா வழக்கம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்தபோது இப்படித்தான் ஓட்டினோம் என்றார். நான் பூசிய பிறகு பிரிட்ஜிலும் வைக்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட்: தோசைக்கல்

அதிக நாள் எடுத்தது இதுதான், எனக்கு அதிக மகிழ்ச்சி தந்ததும் இதுதான்.

முதலில் துருவை எடுத்தேன். கல்லுப்பைத் தூவி, பிழிந்த எலுமிச்சை மூடியால் வட்டமாகத் தேய்த்து, பிறகு தேங்காய் நார். சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நிறுத்தினேன். புளிப்பைக் கல்லில் ஊறவிடக் கூடாது, இரும்பையே தின்னும். உடனே கழுவி, துணியால் துடைத்து, அடுப்பில் ஏற்றிக் கடைசி ஈரமும் போகக் காய வைத்தேன். துடைத்த கல் காய்ந்த கல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரம் போதும், உப்புக்காற்றில் விடிவதற்குள் துரு வந்துவிடும்.

அடுத்து, எண்ணெய் பூசிக் கல்லைப் பழக்குவது. முதல் தடவை தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றிக் காய்ச்சினேன். மறுநாள் கல் முழுக்கப் பிசுபிசுப்பு, அதில் தூசி. எண்ணெய் கெட்டியான தோலாக மாற வேண்டுமானால் அது மெல்லிசாக இருக்க வேண்டும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை அரைத் தேக்கரண்டிதான். வெதுவெதுப்பான கல்லில் துணியால் பூசி, இன்னொரு காய்ந்த துணியால் எண்ணெயே பூசாதது போலத் துடைத்து, அப்புறம் தீயை ஏற்றினேன். லேசாகப் புகை வந்து அடங்கும்வரை வைத்து, அணைத்து, தானாக ஆறவிட்டேன். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று வீதம் மூன்று நாள். முதல் சுற்றில் தேன் நிறம், மூன்றாவதில் காப்பி நிறம், ஆறாவதில் கருப்பாகி ஒரு மெல்லிய மினுமினுப்பு வந்தது. விரலால் தடவினால் எண்ணெய் ஒட்டவில்லை.

இரும்புத் தாளிப்புக் கரண்டியில் தேங்காய் எண்ணெயை வைத்தும் செய்து பார்த்தேன். தோல் பிடிக்கவே இல்லை, ஒரு வாரத்தில் காறல் வாடை அடித்தது. தேங்காய் எண்ணெய் உலர்ந்து இறுகுகிற வகை இல்லை. கல் பழக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோதான் சரி.

ஆகஸ்ட் 9 காலை. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தேன். ஒரு கரண்டி மாவை ஊற்றி இழுத்தேன். ஓரம் தானாக எழும்பியது. திருப்பியை நுழைத்ததும் மொத்தமாகக் கழன்று வந்தது, அடியில் ஒரே சீரான பொன்னிறம். அத்தைக்கு அந்தத் தோசையைக் கொடுத்தேன். "இது எந்தக் கல்லு?" என்று எட்டிப் பார்த்தார்.

அன்றிலிருந்து சோப்பு இல்லை, ஊறவைப்பது இல்லை. சூடு ஆறுமுன் துடைத்து, தேவைப்பட்டால் வெந்நீர், உடனே அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய். பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

செப்டம்பர், மூன்றாம் வாரம்

ஜூன் நடுவில் போட்டு வைத்த பயோ என்சைமை, அதாவது பழத்தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்துச் செய்யும் கழுவுநீரை, மூன்று மாதம் முடிந்து வடிகட்டினேன். 100 கிராம் வெல்லம், 300 கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். எலுமிச்சைத் தோலை மட்டும் சேர்க்க நாளாகும் என்று ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோல் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கால் பாகம் காலியாக இருக்க வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது சீறிக்கொண்டு சுவர் வரை அடித்தது. கண்ணாடிப் பாட்டிலாக இருந்திருந்தால் வெடித்திருக்கும்.

எங்கள் போர் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படலமாகப் பாத்திரத்தில் படியும். பூந்திக்கொட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 100 கிராம் கொட்டையை விதை நீக்கி ராத்திரி ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டினேன். அதில் நான்கில் ஒரு பங்கு என்சைம் சேர்த்தேன். தட்டு, டம்ளர், குழம்புப் பாத்திரம் எல்லாம் பளிச்சென்று வந்தன. பூரி சுட்ட வாணலிக்கு மட்டும் இது போதாது; முதலில் கடலை மாவால் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது. வெளியே வைத்தால் ஐந்தாம் நாள் கெட்ட வாடை வந்துவிட்டது. பிரிட்ஜில் இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அக்டோபர்

ஒரு வருத்தம். பிழிந்த எலுமிச்சை மூடிகளை மேடையில் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எங்களுடையது கடப்பாக்கல். காலையில் மூடி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக மங்கல் வெள்ளை. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் மேல்பரப்பு கரைந்துவிடும், கறையாக இருந்தால் துடைக்கலாம், இது அரிப்பு. எலுமிச்சை, வினிகர், என்சைம் மூன்றையும் இப்போது அந்த மேடையில் வைப்பதே இல்லை. கடப்பாக்கல்லோ மார்பிளோ இருக்கிற வீட்டில் இதை அவசியம் சொல்லுங்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துக் கலக்கித் தேய்க்கச் சொல்லும் குறிப்பையும் பார்த்தேன். பொங்கி நுரைப்பது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நுரையிலேயே இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன்: குழாயில் படிந்த சுண்ணாம்புக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைக்கலாம், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா. பிளீச்சிங் பவுடரோடு மட்டும் எந்தப் புளிப்பையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பாதிக்கும்.

அலுமினியக் குக்கரில் பாத்திரம் வைத்து வேகவைக்கும்போது அடித்தண்ணீரில் ஒரு கொட்டை புளி போட்டால் உள்பக்கம் கருப்பதில்லை. இது அம்மாவின் குறிப்பு, இங்கேயும் நின்றது.

நவம்பர்

மழை. மானி நாள் முழுக்க 90-க்குக் கீழே இறங்கவில்லை. அரிசியில் வண்டு. காய்ந்த வேப்பிலை, வரமிளகாய், வசம்பு மூன்றையும் மூன்று டின்னில் தனித்தனியாகப் போட்டேன். மூன்றிலும் வண்டு வந்தது. வசம்பு போட்டதில் குறைவு. பெண்வண்டு அரிசியைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டை வைக்கும். ஒரு மாதம் போல உள்ளேயே வளர்ந்துதான் வெளியே வரும். மேலே போடுகிற இலை உள்ளே இருப்பதை என்ன செய்யும்? இப்போது இருபது கிலோ சேர்த்து வாங்குவதை விட்டு, மழை மாதங்களில் ஐந்து ஐந்து கிலோவாக வாங்குகிறேன். ரவை, மைதாவை வாங்கியதும் நான்கு நாள் பிரீசரில் வைத்து, வெளியே எடுத்ததும் பொட்டலத்தைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டு அப்புறம் டப்பாவில் கொட்டுகிறேன். ரவையில் இந்த மாதம் ஒரு புழுகூட இல்லை.

டிசம்பர் 20

தோசைக்கல்லில் துரு இல்லை. உப்பு உதிரியாக இருக்கிறது. இரண்டாவது என்சைம் பாட்டிலை நேற்றுப் போட்டேன், மார்ச் மூன்றாம் வாரம் திறக்க வேண்டும். அப்பளம்தான் இன்னும் பிடிபடவில்லை. வறுத்த அரிசியை மல் துணியில் முடிந்து, இறுக மூடும் டின்னில் அப்பளத்தோடு வைத்து, மானியையும் உள்ளே போட்டு மூடியிருக்கிறேன். நேற்று ராத்திரி வெளியே 88, இன்று காலை திறந்ததும் உள்ளே 63.