பத்து ஓட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

பெர்லிங்டன் கதைய யாராவது ஆரம்பிச்சாலே அடுத்த வரி எனக்குத் தெரிஞ்சிடும். "வெறும் 10 ஓட்டுங்க, 10 ஓட்டுல ஜெயிச்சாரு!" அவ்ளோதான், கதை முடிஞ்சிடும், எல்லாருக்கும் புல்லரிச்சிடும், கிளம்பிடுவாங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு வார்டு எலெக்‌ஷன்ல நோட்டும் பேனாவுமா வீடு வீடா அலைஞ்சு, எங்க ஆளையும் ஜெயிக்க வெச்சு, அதுக்கப்புறம் மூக்கு உடைஞ்ச பிறகுதான் அந்தக் கதையோட மீதிப் பாதிய உக்காந்து ஒழுங்கா படிச்சேன்.

தெரியாதவங்களுக்காக முதல் பாதி, சுருக்கமா. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல, சாம்ப்ளேன் ஏரிக்கரையில இருக்கிற ஊரு பெர்லிங்டன். அந்த மாநிலத்துல அதுதான் பெரிய நகரம், ஆனா 1980 கணக்குப்படி ஜனத்தொகை 38,000 கூட இல்ல. கோர்டன் பேக்கெட்னு ஒரு டெமாக்ரட் மேயர், 1971ல இருந்து அவர்தான். 1981 தேர்தல்ல அவர எதிர்த்து ரிபப்ளிகன் கட்சி ஆளே நிறுத்தல, எப்படியும் அவர்தான் வருவாருன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. நின்னது பெர்னி சாண்டர்ஸ். இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, அன்னைக்கு அவரு ஒரு குட்டிக் கட்சி சார்பா கவர்னருக்கும் செனட்டுக்கும் மாறி மாறி நாலு தடவ நின்னு நாலு தடவையும் தோத்தவர். ரிச்சர்ட் சுகர்மேன்னு அவரோட ஃப்ரெண்டு, யுனிவர்சிட்டில வாத்தியார், பழைய ஓட்டுக் கணக்க எடுத்து வெச்சுப் பாத்துட்டு, மாநிலம் பூரா நீ மண்ணக் கவ்வியிருக்க ஆனா இந்த ஊர்ல மட்டும் உனக்கு ஓட்டு விழுந்திருக்கு, இங்க மேயருக்கு நில்லுன்னு சொல்லிருக்காரு. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் புடிச்ச இடம் இதுதான். பெரிய தத்துவம் எதுவும் இல்ல, ஒருத்தர் பொறுமையா உக்காந்து எந்த ஏரியாவுல எத்தன ஓட்டுன்னு பாத்திருக்காரு.

மறு எண்ணிக்கை எல்லாம் முடிஞ்சு வந்த கணக்கு 4,330க்கு 4,320.

அதுல அதிர்ஷ்டமும் இருக்கு, மறைக்க வேணாம். மேயர் சரியா அந்த நேரம் பாத்து சொத்து வரிய ஏத்தணும்னு நின்னாரு, ஊரே கடுப்புல இருந்துச்சு. டெமாக்ரட் பக்கத்துலருந்தே இன்னொருத்தர் தனியா நின்னு ஓட்டப் பிரிச்சாரு. சம்பளத் தகராறுல இருந்த போலீஸ்காரங்க சங்கம், தன்னைத்தானே சோசலிஸ்ட்னு சொல்லிக்கிற ஆளுக்கு ஆதரவுன்னு அறிவிச்சுச்சு (இத எங்க க்ரூப்ல சொன்னப்ப ஒருத்தரும் நம்பல). ஆனா வரியும் போலீஸும் மட்டும் போதுமா, அரசாங்கக் குடியிருப்புல இருக்கிறவங்க, வாடகைக்கு இருக்கிறவங்க, இந்த வீட்டுக் கதவ எல்லாம் எந்த கட்சிக்காரனும் தட்டினதில்ல, அங்கெல்லாம் போய் நின்னுருக்காங்க. கதவு தட்டின அனுபவம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், முதல் தடவ போனா யாரும் அரசியல் பேச மாட்டாங்க, "எதுக்கு வந்த?"ன்னுதான் பாப்பாங்க, ரெண்டாவது தடவ அதே மூஞ்சி போய் நின்னாதான் வாசல்ல எரியாத லைட்ட காட்டுவாங்க.

சரி, இப்ப மீதிப் பாதி.

மேயர் ஆகியாச்சு. ஆனா ஊர நடத்துற போர்டுல 13 ஆல்டர்மேன்கள், நம்ம பாஷையில கவுன்சிலர்ன்னு வெச்சுக்கங்க. அதுல புது மேயருக்கு ஆதரவு ரெண்டே பேர். மீதி 11 பேரும் எதிர். முதல் வேலையா மேயரோட செக்ரட்டரிய வேலைய விட்டுத் தூக்கினாங்க. அப்புறம் அவர் எந்தப் பதவிக்கு யார் பேரக் குடுத்தாலும் வேணாம்னு கை தூக்கினாங்க. ஆக மேயர் இவரு, ஆபீஸ்ல உக்காந்திருக்கிற அதிகாரிங்க எல்லாம் போன மேயர் வெச்சவங்க. ஒரு வருஷம் பூரா, வேலைக்கு எடுக்கவே முடியாத ஆளுங்கள சம்பளம் இல்லாத தன்னார்வலர்களா பக்கத்துல வெச்சுக்கிட்டு காலத்த ஓட்டினாரு. எதிர்ல இருந்த அந்த 11 பேர் நெனச்சது சிம்பிள், இவர ரெண்டு வருஷம் ஒண்ணும் செய்ய விடாம உக்கார வெச்சா ஜனங்களே அடுத்த தடவ துரத்திடுவாங்கன்னு.

இத படிச்சப்ப எனக்கு எங்க அக்காதான் ஞாபகம் வந்தாங்க. கூடப் பிறந்த அக்கா இல்ல, நாங்க ஜெயிக்க வெச்ச கவுன்சிலர். நாங்க ஏழு பேர், மூணு மாசம், ஒரு நீல அட்டை நோட்டு. நோட்டுல தெரு வாரியா வீடு, வீட்டுக்கு நேரா ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி, இல்லன்னா ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போவோம், டிக் போட்ட வீட்ட ஓட்டுப் போடுற அன்னைக்கு மட்டும் ஞாபகப்படுத்தினா போதும். ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரி அந்த நோட்ட யாரோ நெஞ்சோட கட்டிப் புடிச்சுட்டு அழுதாங்க. அடுத்த நாள் காலையில அவங்கவங்க வேலைக்குப் போயிட்டோம்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு சாக்கடை விஷயம். தெருவே நாறுது, வேலைய வேற தெருவுக்கு மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சு நாங்க கொதிச்சுப் போய் அக்கா வீட்டுக்குப் போனோம். நீங்க என்னதான் பண்றீங்க, இதுக்கா உங்களுக்கு அலைஞ்சோம்னு ஒருத்தன் கேட்டே விட்டான். அவங்க கோபப்படல. உள்ள போய் ஒரு கத்தை பேப்பர் கொண்டுவந்து வெச்சாங்க, ஆறு மாசத்து அஜெண்டா. "இதுல எத்தன கூட்டத்துக்குடா நீங்க வந்தீங்க?"

பூஜ்யம்.

அதுக்கப்புறம் போனேன். போனாத்தான தெரியுது. பின்னாடி பொதுமக்களுக்குன்னு ரெண்டு வரிசை நாற்காலி, அதுல நானும் காத்து வாங்க வந்த மாதிரி ஒரு பெரியவரும். அஜெண்டா முந்தின நாள் சாயங்காலம்தான் போர்டுல ஒட்டுவாங்க. முதல் முக்கால் மணி நேரம் யாரோ யாருக்கோ வாழ்த்து, அப்புறம் ஒரு சின்ன சண்டை, அத பாக்க எல்லாருக்கும் சுவாரஸ்யம். உண்மையான விஷயம் வரப்ப எல்லாரும் களைச்சுப் போயிருப்பாங்க, அப்ப ஒரு குரல் நம்பர் மட்டும் வாசிக்கும், "14... ஏற்கப்பட்டது, 15... ஏற்கப்பட்டது, 16..." எங்க சாக்கடை அந்த மாதிரி ஒரு நம்பராத்தான் போயிருக்கு. அக்கா எந்திரிச்சு பேசிருக்காங்க, மினிட்ஸ்ல, அதாவது கூட்டத்துல நடந்தத எழுதி வெக்கிற குறிப்புல, ஒரே ஒரு வரி இருக்கு, உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார். கேலரி காலி. காலி நாற்காலிய பாத்து எவன் பயப்படுவான்?

பெர்லிங்டன்ல எங்களவிட கெட்டிக்காரத்தனமா ஒண்ணு பண்ணாங்க. புலம்பிட்டு இருக்காம, 1982ல ஆல்டர்மேன் தேர்தல் வந்தப்ப, திரும்ப அதே கதவுங்கள தட்டப் போனாங்க, இந்த தடவ வார்டு வார்டா. மேயரோட ஆளுங்க 2லருந்து 5 ஆனாங்க. 13ல 5 எப்படியும் மெஜாரிட்டி இல்லதான், ஆனா கணக்கப் பாருங்க, மேயர் ஒரு தீர்மானத்த வேணாம்னு தடுக்கிற அதிகாரம், அதான் வீட்டோ, அத மீறணும்னா மூணுல ரெண்டு பங்கு வேணும், அதாவது 9 பேர். எதிர்ல இப்ப 8 பேர்தான். அந்த ஒரே ஒரு ஆள் குறைஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த ஊர்ல மேயர்னு ஒருத்தர் இருக்கிறதையே மத்தவங்க ஒத்துக்கிட்டாங்க, அவரு குடுத்த பேருக்கெல்லாம் பதவி கிடைக்க ஆரம்பிச்சுச்சு. என்னக் கேட்டா 1981 விட 1982தான் பெரிய வருஷம். ஆனா அத யாரும் போஸ்டர்ல போட மாட்டாங்க, எண்ணிக்கைய விளக்கறதுக்குள்ள கேக்கிறவன் தூங்கிடுவான்.

அதுக்குப் பின்னாடிதான் வேலைங்க நடந்துச்சு. வார்டு மக்களே கூடிப் பேசுற நெய்பர்ஹுட் பிளானிங் அசெம்ப்ளின்னு ஆரம்பிச்சாங்க, அது இன்னைக்கும் நடக்குது. 1984ல நகராட்சியே 2 லட்சம் டாலர் முதல் போட்டு ஒரு நில அறக்கட்டளை ஆரம்பிச்சுச்சு. நிலம் அறக்கட்டளையோடது, வீடு மட்டும் வாங்குறவங்களோடது, விக்கும்போது கொள்ளை லாபத்துக்கு விக்க முடியாது, அதனால அடுத்து வர்ற சாதாரண குடும்பமும் வாங்கலாம். பின்னாடி அது இன்னொரு அமைப்போட சேர்ந்து சாம்ப்ளேன் ஹவுசிங் டிரஸ்ட்னு பேர் மாறிச்சு. இதப்பத்தி தனியாவே எழுதணும், இப்ப வேணாம்.

எனக்கு சொல்ல வேண்டியது ஏரிக்கரை விவகாரம். அந்தக் கரை பூரா ரயில்வே நிலமும் எண்ணெய் டேங்குமா கிடந்த இடம். அங்க அடுக்குமாடி கட்ட ஒரு தொழிலதிபர் திட்டம் போட்டப்ப எதிர்த்துப் பேசித்தான் சாண்டர்ஸ் ஓட்டு கேட்டாரு, ஊர் விற்பனைக்கு இல்லன்னு. ஜெயிச்சு நாலு வருஷம் கழிச்சு அவரே ஒரு கம்பெனியோட பெரிய கட்டுமானத் திட்டத்த ஆதரிச்சாரு. பார்க்கும் நடைபாதையும் கிடைக்கும், வரி வருமானமும் வரும், இதவிட நல்ல டீல் இப்ப வராதுன்னு அவரோட வாதம். தப்பான வாதம்னு சொல்ல மாட்டேன், நாற்காலியில உக்காந்து பட்ஜெட்ட பாக்கிறவனுக்கு அப்படித்தான் தோணும். ஆனா ஊர்ல இருந்த பசுமை இயக்கக்காரங்களும், அவருக்கே வேலை செஞ்ச சிலரும், அவரு சொன்ன அதே வார்த்தையத் திருப்பி அவர்கிட்டயே கேட்டாங்க. 1985 டிசம்பர்ல, அதுக்காக நகராட்சி கடன் பத்திரம் போட்டு பணம் திரட்டலாமான்னு ஊர் ஜனங்க ஓட்டுக்கு வந்துச்சு. பாதிக்கு மேல ஆதரவுதான், ஆனா மூணுல ரெண்டு பங்கு தேவை, அது கிடைக்கல. திட்டம் போச்சு. 1989ல வெர்மான்ட் உச்ச நீதிமன்றம், ஏரிய ரொப்பி எடுத்த அந்தக் கரை நிலத்த பொதுப் பயன்பாட்டுக்குத்தான் பயன்படுத்தணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. இப்ப அங்க பார்க்கும், பழைய ரயில் பாதை மேல சைக்கிள் ரோடும் இருக்கு. சாண்டர்ஸும் அடுத்த 1987 தேர்தல்ல திரும்ப ஜெயிச்சாரு, ஒண்ணும் குடி முழுகிப் போயிடல.

நம்ம ஆள ஜெயிக்க வெச்சிட்டு, அதே ஆளு கொண்டுவர்ற திட்டத்துக்கு எதிரா நோட்ட தூக்கிட்டு போறது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு இப்பத் தெரியும். போன மாசக் கூட்டத்துல அக்கா ஒரு தீர்மானத்துக்கு ஆதரவா கை தூக்கினாங்க, மைதானத்துல பாதிய வண்டி நிறுத்தத்துக்கு விடற தீர்மானம். பின்னாடி ரெண்டாவது வரிசையில நாங்க அஞ்சு பேர் இருந்தோம் (ஏழு இப்ப அஞ்சு, ரெண்டு பேருக்கு இதெல்லாம் அலுத்துப் போச்சு). நேரம் கேட்டு வாங்கி எந்திரிச்சு, தெரு வாரியா நாங்க எடுத்த கணக்க, எத்தன வீடு வேணாம்னு சொல்லிச்சுன்னு நான்தான் வாசிச்சேன். அதே நீல அட்டை நோட்டு, பழைய டிக்குங்களுக்குப் பக்கத்துல புது மையில. வாசிக்கும்போது அவங்க என்னைப் பாக்கல, முன்னாடி இருந்த பேப்பரத்தான் பாத்துட்டு இருந்தாங்க. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

லேட் ஆயிடுச்சு, பஸ் இல்ல, அவங்க வண்டியிலதான் வீட்டுக்கு வந்தேன். வழி பூரா ரெண்டு பேரும் பேசல. இறங்கும்போது மட்டும், "17வது தெரு கணக்கு தப்பு, அங்க ரெண்டு வீடு காலியா கெடக்கு, போய்ப் பாரு"ன்னாங்க. போய்ப் பாத்தேன். ரெண்டு இல்ல, மூணு.