தடிக்காத கையும் காளான் பொடியும்

எனக்கு எதனால் அலர்ஜி என்று பார்க்கும் டெஸ்ட் அது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, அதன் மேல் ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து பார்த்தார். "ஹிஸ்டமின் வச்ச இடமே தடிக்கலையேக்கா, டெஸ்ட் செல்லாது" என்றார்.

பரமக்குடியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி மதுரை வந்திருந்தேன். டெஸ்ட்டுக்காக ஒரு வாரமாக செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போடாமல் அடுக்குத் தும்மலும் கண் அரிப்புமாகத் தூக்கமே இல்லை. அத்தனையும் வீண்.

அலர்ஜி டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தூசி, மகரந்தம் என்று சந்தேகப்படும் பொருள்களின் சொட்டுகளோடு இன்னும் இரண்டு சொட்டுகளும் வைப்பார்கள். ஒன்று வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அலர்ஜியின்போது நம் உடம்பே வெளிவிட்டு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் பொருள், அது தடித்தே ஆக வேண்டும். அது தடிக்காவிட்டால் பெரும்பாலும் அலர்ஜியை அடக்கும் மருந்து ஏதோ உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மற்ற சொட்டுகள் காட்டுவதையும் நம்ப முடியாது.

டாக்டர் கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நாள் முன்பு ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டிருந்தேன். அட்டையிலிருந்து நறுக்கிக் கொடுத்தது, பெயர்கூட முழுதாக இல்லை. மிச்சமிருந்ததை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கடையிலும் போனில் விசாரித்தோம். குளோர்பெனிரமைன் கலந்த மாத்திரை. அதுவும் அலர்ஜி மருந்துதானாம், சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கிறதாம். அப்பாயின்ட்மென்ட் போட்டபோது போனில் சொன்னது "அலர்ஜி மாத்திரைய ஏழு நாள் நிறுத்திட்டு வாங்க" என்ற ஒரே வரி. சளி மாத்திரையும் கணக்கு, தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகளும் கணக்கு என்று இன்னும் ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். இன்னும் ஆறவில்லை. (மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் டெஸ்ட்டுக்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.)

"வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோதுதான் காளான் பொடியைச் சொன்னேன். எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன் விற்கிறார். ரெய்ஷி என்ற மருத்துவக் காளான், அலர்ஜியை வேரோடு அறுக்கும் என்று சொல்லிக் கொடுத்தது. எட்டு மாதமாக நம்பிக் குடித்தேன். அது இயற்கைதானே, மருந்து இல்லையே என்று நினைத்துத்தான் முதலில் சொல்லவில்லை.

டாக்டர் அதைத் தூக்கி எறிந்து பேசவில்லை, அது பிடித்திருந்தது. ரெய்ஷியில் உள்ள கானோடெரிக் அமிலங்கள் எலியின் செல்களிலிருந்து ஹிஸ்டமின் வெளியேறுவதைக் குறைக்கின்றன என்று 1985லேயே ஜப்பான்காரர்கள் கண்டிருக்கிறார்களாம். வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டினுக்கும் சோதனைக் குழாயில் அந்தக் குணம் உண்டு, ஆனால் சாப்பிட்டால் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். எலி செல்லில் நடந்ததை வைத்து உங்கள் மூக்கில் நடக்கும் என்று சொல்ல முடியாதும்மா என்றார். காற்றில் பறக்கும் கானோடெர்மா (ரெய்ஷி சேர்ந்த காளான் இனம்) வித்துகளே சிலருக்கு அலர்ஜியைக் கிளப்பும் என்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கண்ணுக்கு எழுதிக் கொடுத்த குரோமோகிளைகேட் சொட்டு மருந்தின் கதையையும் அவர்தான் சொன்னார். அம்மி விஸ்நாகா என்ற செடியில் இருந்த கெல்லின் என்ற பொருளிலிருந்து தொடங்கி உருவானது. ரோஜர் ஆல்டூன்யன் என்ற டாக்டர், தானே ஆஸ்துமாக்காரர், மருந்துகளைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். செடியில் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, யாரிடம் சோதித்தது என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொடியை எடுத்தேன். ரெய்ஷி காளான் கடுங்கசப்பாக இருக்க வேண்டுமாம், இது சப்பென்று இருந்தது. ஒரு ஸ்பூனை வெந்நீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் அதில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறிவிட்டது. அத்தனை மாவுச்சத்து. தானியத்தில் காளான் இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பதும் உண்டாம். பாக்கெட்டில், உணவுப் பொருள்களுக்கு லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணும் இல்லை. "அண்ணே, லைசென்ஸ் நம்பர் எங்கண்ணே?" என்று கேட்டதும் பிரிக்காத இரண்டு பாக்கெட்டுக்கும் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய பயம் அம்மா விஷயத்தில். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர், நான் கொடுத்துத்தான் இந்தப் பொடியைக் குடித்துக்கொண்டிருந்தார். ரெய்ஷிக்கு ரத்தம் உறைவதைக் குறைக்கும் தன்மை இருக்கலாம், ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மாவுக்குப் பொடியை நிறுத்தினேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் இன்றைக்கே பாருங்கள். முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது என்று அலர்ஜி முற்றினால் எந்தப் பொடியையும் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை போனேன். வீட்டில் யார் என்ன விழுங்கினாலும் அட்டையோடு ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஹிஸ்டமின் நன்றாகத் தடித்தது. அந்தத் தடிப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டர் கூடினால் அலர்ஜி என்று எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு வீட்டுத் தூசிப் பூச்சி 6, சீமைக் கருவேல மகரந்தம் 7. எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் கருவேலங்காடுதான்.

மூக்கு ஸ்பிரே கொடுத்திருக்கிறார்கள். அடிக்கும்போது நடு எலும்பை விட்டு விலக்கி, காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். ஒரே நாளில் நிற்காது. எனக்குப் பத்து நாள் பிடித்தது. தலையணை உறையை வாரம் ஒரு தடவை வெந்நீரில் அலசுகிறேன். கருவேலத்துக்கு ஊசி மூலம் எதிர்ப்புச் சிகிச்சை உண்டு, மூன்று வருஷமாவது ஆகும் என்றார்கள். அடுத்த மாதம் போகும்போது செலவு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.