ஸ்டோர்ஸில் தேங்கிய இங்கிலீஷ்

எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் பம்பு செட் செய்கிறது. பம்பு, மோட்டார், கிரைண்டர் எல்லாம் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு செய்கிறார்கள் என்பதால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. கொஞ்ச காலமாக இங்கே பம்போடு சேர்த்து இங்கிலீஷும் தயாராகிறது, அதுதான் விசேஷம். வாரத்துக்கு ஐந்து வார்த்தை. திங்கட்கிழமை காலையில் டீ மேஜைக்கு மேலே இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவார்கள், சனிக்கிழமை சாயந்திரம் டெஸ்ட், தோற்றவர் எல்லோருக்கும் காளான் வாங்கித் தர வேண்டும். (இந்த ஊர்க்காரர்களுக்குக் காளான் என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தள்ளுவண்டியில் கிடைக்கும், முக்கால்வாசி முட்டைக்கோஸ்.)

இதை ஆரம்பித்து வைத்தவர் சின்னவர். முதலாளியின் மகன், வெளிநாட்டில் எம்பிஏ முடித்துவிட்டு வந்தவர். வந்ததும் வராததுமாக நாங்கள் அனுப்பிய பழைய மெயில்களை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறார், அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. படித்துவிட்டு மீட்டிங் போட்டார். எல்லா மெயிலும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்றே முடிகிறதாம். லாரி கவிழ்ந்தாலும் டூ த நீட்ஃபுல், தீபாவளி வாழ்த்துக்கும் டூ த நீட்ஃபுல். நாளைக்கு ஆப்பிரிக்காவுக்கு எக்ஸ்போர்ட் செய்யப் போகிறோம், இந்த இங்கிலீஷோடு எப்படிப் போய் நிற்பது என்று ரொம்பவே வருத்தப்பட்டார். இதே டூ த நீட்ஃபுல்லை வைத்துத்தான் அவருடைய அப்பா சரக்கு விற்று அவரை வெளிநாட்டில் படிக்க வைத்தார் என்பதை அந்த மீட்டிங்கில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

வார்த்தையைப் படித்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் அந்த வாரத்துக்குள் ஒரு நிஜமான மெயிலில் உபயோகித்து, சின்னவருக்கு ஒரு காப்பி வைக்க வேண்டும் என்பது விதி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் வாரத்துப் பலகையில் முதல் வார்த்தை 'மெட்டிகுலஸ்'. மிகக் கவனமாக, நுணுக்கமாக என்று பக்கத்தில் சின்னவரே தமிழில் எழுதியிருந்தார். டெஸ்பாட்ச் அண்ணன் அன்றைக்கு மத்தியானமே ஈரோட்டு டீலருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டார்: மெட்டீரியல் டெஸ்பாட்ச்டு பை மெட்டிகுலஸ். காப்பி சின்னவருக்குப் போய்விட்டது, அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். சாயந்திரம் ஈரோட்டிலிருந்து போன். "ஏனுங்க, மெட்டிகுலஸ்னு எந்த லாரி ஆபீஸுங்க? இங்க யாருக்கும் தெரியலைங்க. எல்ஆர் நம்பரும் புக்கிங் ஆபீஸ் அட்ரஸும் அனுப்புங்க, ஆள் அனுப்பி எடுத்துக்கறோம்." அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "புது சர்வீஸுங்க, ரொம்பக் கவனமா கொண்டு வருவாங்க" என்று சொல்லி, வழக்கமான லாரி ஆபீஸ் நம்பரையே கொடுத்துவிட்டு வைத்தார். அந்த டீலர் இன்றைக்கும் சரக்குக் கேட்கும்போது மெட்டிகுலஸ்ல போட்டுவிடுங்க என்றுதான் சொல்கிறார். எங்கள் ஆபீஸ் கணக்கில் வெளியூர் வரை போய் நிலைத்த முதல் வார்த்தை அது.

இரண்டாவதாக நிலைத்தது 'இம்மினன்ட்'. இதோ வந்துவிட்டது, எந்த நேரமும் நடக்கலாம் என்று அர்த்தம். இதில் எங்களுக்குத்தான் நஷ்டம். திண்டுக்கல் பக்கம் ஒரு டீலர், பழைய பாக்கி நிறைய வைத்திருப்பவர். அவருக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா, யுவர் பேமென்ட் இஸ் ஓவர்டியூ அண்ட் லீகல் ஆக்‌ஷன் இஸ் இம்மினன்ட் என்று அனுப்பினார். கம்பீரமான மெயில்தான், சின்னவர்கூட பதிலுக்குக் கட்டை விரல் போட்டார். மறுநாள் டீலரிடமிருந்து பதில் வந்தது: பேமென்ட் இஸ் இம்மினன்ட். அவ்வளவுதான். அதற்கு முன்னால் அந்த மனிதர் பணம் கேட்டால் மாமியாருக்கு ஆபரேஷன், செக் புத்தகம் தீர்ந்துவிட்டது, பேங்க் சர்வர் டவுன் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு காரணமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். வாட்ஸாப்பில் கேட்டாலும் அதே பதில். சேல்ஸ் ஆள் நேரில் போனபோது கல்லாவில் உட்கார்ந்தபடியே, "இம்மினன்ட்டுங்க சார், இம்மினன்ட்டு" என்று கையைக் காட்டினாராம்.

அக்கா அதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை. அவருக்கு வேறு வாரத்தில் 'ப்ரொக்ராஸ்டினேட்' கிடைத்துவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று வேலையைத் தள்ளிப்போடுவது என்று அர்த்தம். மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், எங்கள் சேல்ஸ் பையன்கள் 18-ஆம் தேதி வரைக்கும் பில்லைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்கள். முன்பெல்லாம் அக்கா தமிழில் திட்டுவார். தமிழில் திட்டினால் பையன்களும் தமிழில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். இப்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஸ்டாப் ப்ரொக்ராஸ்டினேட்டிங்" என்று ஒரு தடவைதான் சொல்கிறார், பையன்கள் பதில் தெரியாமல் பில்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வீட்டிலும் இதைப் பிரயோகித்துப் பார்த்ததாகவும், வீட்டுக்காரர் அன்றைக்கே கேஸ் சிலிண்டர் புக் செய்துவிட்டதாகவும் கேள்வி.

இந்த வெற்றியைப் பார்த்த சின்னவர், ஆபீஸோடு நிறுத்துவானேன் என்று ஷாப் ஃப்ளோருக்குள் இறங்கினார். அங்கே லேத்தில் நிற்பவர் எட்டாவதோடு படிப்பை விட்டவர், என் வயதுக்கு அவருக்கு சர்வீஸ் இருக்கும். எளிமையான வார்த்தையிலிருந்து ஆரம்பிப்போம் என்று சின்னவர் நினைத்திருக்கிறார்.

"அண்ணா, டாலரன்ஸ்னா என்னன்னு தெரியுமா?"

"எந்த ஜாபுக்குங்க?"

"ஜாபுக்கு இல்லீங்கண்ணா, பொதுவா."

"பொதுவா டாலரன்ஸ் எல்லாம் கிடையாதுங்க. ட்ராயிங்ல எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவுதான்."

சின்னவர் பொறுமை, சகிப்புத்தன்மை என்று விளக்கப் பார்த்தார். லேத்காரர் மிஷினை ஆஃப் செய்துவிட்டு சின்னவருக்கு விளக்க ஆரம்பித்தார். ஷாஃப்டில் பேரிங் உட்காருகிற இடத்துக்கு மைக்ரான் கணக்கில்தான் விட்டுக்கொடுக்க முடியும், அந்தப் பக்கம் சும்மா நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் கொஞ்சம் தாராளமாக விடலாம், கான்சென்ட்ரிசிட்டி போனால் எல்லாம் போச்சு, ரன்-அவுட் டயல் வைத்துப் பார்க்காமல் ஷாஃப்டை வெளியே விடக்கூடாது என்று சரமாரியாக வந்தது. கான்சென்ட்ரிசிட்டி என்பதை எங்கள் ஆபீஸில் யாரும் நாக்கு சுளுக்காமல் சொல்லிவிட முடியாது. அவர் அதை வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்.

அதற்கு அப்புறம் சர்வீஸ் பையன் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். பொள்ளாச்சி பக்கம் தோட்டக்காரர்கள் பலபேர் 'கேவிடேஷன்' என்ற வார்த்தையைச் சரளமாகப் பேசுகிறார்களாம். பம்பு உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் ரொம்பக் குறைந்துபோனால் தண்ணீரே ஆவியாகிக் குமிழ் கட்டும். அந்தக் குமிழ்கள் பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் மேல் போய் உடைந்து உடைந்து இரும்பையே அரித்துவிடும், உள்ளே ஜல்லியை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம் வரும். இதைப் போர்டில் எழுதிப் போட்டெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை இம்பெல்லர் மாற்றப் பணம் கொடுக்கும்போது ஒரு தரம் கேட்பார்கள், அப்புறம் ஆயுசுக்கும் மறப்பதில்லை. எனக்கென்னவோ காளானைவிட இதுதான் நல்ல பாடத்திட்டம் என்று தோன்றியது. ஆனால் சின்னவரிடம் சொன்னால், தப்பாகச் சொல்கிறவர் சம்பளத்தில் இம்பெல்லர் காசு பிடிக்க ஆரம்பித்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை டெஸ்டில் எல்லோரும் பாஸ், அடுத்த சனிக்கிழமை போன வார வார்த்தையைக் கேட்டால் எல்லோரும் பெயில். சின்னவர் இதற்கும் ஒரு பிபிடி கொண்டுவந்தார். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத எழுத்துச் சேர்க்கைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுத்து 1885-ல் புத்தகமாகவே போட்டாராம். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. அக்கா, "அவரு மறக்கறதையே வேலையா பார்த்திருக்காரு, நாங்க வேலையைப் பார்த்துட்டு மறக்கறோம்" என்றார். ஸ்டோர்ஸ் பெரியவர் மட்டும் பிபிடியைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஸ்டாக் சமாச்சாரம் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஸ்டோர்ஸில் காலி பேரிங் அட்டைப்பெட்டிகள் மூன்று வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் ஃபாஸ்ட் மூவிங், அடுத்ததில் ஸ்லோ மூவிங், கடைசியில் நான்-மூவிங். உள்ளே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பின் கார்டு, அதாவது ஸ்டோர்ஸில் சரக்கு வரவு செலவு எழுதுகிற அட்டை. யாராவது ஒரு வார்த்தையை மெயிலிலோ பேச்சிலோ உபயோகித்தால், சரக்கு வெளியே போன மாதிரி பெரியவர் கார்டில் இஷ்யூ எழுதுகிறார். மெட்டிகுலஸ், இம்மினன்ட், ப்ரொக்ராஸ்டினேட் மூன்றும் ஃபாஸ்ட் மூவிங். மிச்சம் எல்லாம் நான்-மூவிங். 'செரென்டிபிட்டி' வந்த நாளிலிருந்து ஒரு இஷ்யூகூட இல்லை.

சின்னவருக்கு ஒரே சந்தோஷம். இதே மாதிரி அட்டையைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் முறையை 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார், நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் ஒரு சின்னத் திருத்தம், லைட்னர் முறையில் தெரிந்த வார்த்தைகளை எப்போதாவது எடுத்துப் பார்த்தால் போதும், தெரியாததைத்தான் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பெரியவர் சின்னவரை அரை டிரவுசரில் பார்த்தவர், அந்த உரிமை அவருக்கு உண்டு.

"ஏனுங் தம்பி, நகராத சரக்கைத் தினமும் எடுத்துத் தொடைச்சு வெக்கறதுக்கு ஆள் கூலி யாருங்க கொடுக்கறது? வருசக் கடைசில ஸ்கிராப்புல எழுதிவிடுவமுங்க."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். 6204 பேரிங்கையும் 6205 பேரிங்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், உள் விட்டம் ஒன்று 20 மில்லிமீட்டர், ஒன்று 25 என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் பையன் கண்டிப்பாக மாற்றித்தான் எடுப்பான். அதே மாதிரி இம்மினன்ட்டையும் எமினென்ட்டையும் ஒரே வாரத்தில் போடாதீர்கள், வேறு வேறு ரேக்கில் வையுங்கள் என்றார். எனக்குத் தெரிந்து இந்தத் திட்டத்தில் யாரும் சொன்ன ஒரே உருப்படியான யோசனை இதுதான். சின்னவரும் ஏற்றுக்கொண்டார், ஆனால் அதற்குள் திண்டுக்கல் டீலர் எமினென்ட்டையும் பிடித்துவிட்டிருந்தார். பேமென்ட் இஸ் எமினென்ட் என்று ஒரு மெயில் வந்து, பணம் ரொம்பப் பெருமை வாய்ந்தது என்கிறாரா, வரும் என்கிறாரா என்று அக்கா ஒரு மத்தியானம் முழுக்கக் குழம்பினார்.

எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் ஒரு பையன் வாட்ஸாப் குரூப்பில் ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன் என்று போட்டான். 2018 அக்டோபரில் சசி தரூர் தன்னுடைய புதுப் புத்தகத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதும்போது உபயோகித்த வார்த்தை, இங்கிலீஷில் 29 எழுத்து. எதையும் ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்கித் தள்ளுவதற்குப் பெயராம். குரூப்பில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு சப்ளையர் கொட்டேஷனோடு ரிசப்ஷனில் காத்திருந்தது ஞாபகம் வந்து டெஸ்பாட்ச் அண்ணன் எழுதினார்: "அதானுங்க நம்ம பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்டு." பர்ச்சேஸ் மேனேஜர் குரூப்பை விட்டு வெளியேறினார். சாயந்திரம் திரும்பச் சேர்த்தார்கள்.

கடைசியில் நைரோபியிலிருந்து ஒரு பார்ட்டி விசாரித்து மெயில் அனுப்பியிருந்தது. இதற்காகத்தானே இவ்வளவும் என்று சின்னவரே உட்கார்ந்து பதில் எழுதினார். நான் காப்பியில் இருந்தேன். இரண்டு பக்கம், மெட்டிகுலஸ் இருந்தது, யுபிக்விட்டஸ் இருந்தது, எங்கள் பம்பு ஒரு பாராடைம் என்று இருந்தது, செரென்டிபிட்டிகூட இருந்தது. நான் உடனே இன்டர்காமில் ஸ்டோர்ஸுக்குச் சொல்லிவிட்டேன், பெரியவர் கார்டில் முதல் இஷ்யூ போட்டார். இரண்டு நாள் கழித்து நைரோபியிலிருந்து பதில் வந்தது. 'பிரைஸ்?' என்று ஒரே வார்த்தை.

விலைப் பட்டியலை டெஸ்பாட்ச் அண்ணன் பழைய வழக்கப்படி தன் இங்கிலீஷிலேயே அனுப்பிவைத்தார், சாம்பிள் ஆர்டர் வந்திருக்கிறது. அதற்காகத் திட்டம் நிற்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை பலகையில் முதல் வார்த்தை 'ஃப்ரூகல்'. இந்த முறை எழுதியவர் பெரிய முதலாளி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எதுவும் போடவில்லை. பதினொரு மணி டீ வந்தது, பிஸ்கட் வரவில்லை. அகராதியை யாரும் புரட்டவில்லை.